இணையதளங்களை முடக்குவது யார், எப்படி, எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை. விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. நெட் போய்விட்டது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மற்ற தளங்கள் எல்லாம் வழக்கம்போல் வந்தன. கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம்மில் முயன்றபோது விகடனும் வந்தது. கோளாறு என் வீட்டில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் தொடங்கி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில தளங்களை முடக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. யார் உத்தரவிட்டார், எந்தக் காரணத்துக்காக என்பதைத் தளத்தை நடத்துபவரிடமும் சொல்லாமல், படிக்க வருபவரிடமும் சொல்லாமல் முடக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தளத்தை முடக்குவது என் நெட் கம்பெனியா, அரசாங்கமா?

கதவைச் சாத்துவது நெட் கம்பெனி. சாத்தச் சொல்வது பெரும்பாலும் மத்திய அரசு அல்லது நீதிமன்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அந்த அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தத்தில் சேர்ந்த பிரிவு இது. மாநில அரசு இதன்படி நேரடியாக எந்தத் தளத்தையும் முடக்க முடியாது. தன் கோரிக்கையை அதற்கென நியமித்த அதிகாரி வழியாக மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும்.

உத்தரவை நிறைவேற்ற மறுக்கும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. போதாததற்குத் தொழில் நடத்தும் உரிமமே அரசு கொடுத்தது. அதனால் 'இந்த உத்தரவு சரிதானா?' என்று எந்த நிறுவனமும் எதிர்த்துக் கேட்காது. பட்டியல் வந்தால் அப்படியே போட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுபவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு அந்தப் பட்டியல் கண்ணிலேயே பட்டிருக்காது.

எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் முடக்கலாமா?

முடியாது. 69ஏ சொல்லும் காரணங்கள் எண்ணி எடுத்தவை: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைச் செய்யத் தூண்டுவதைத் தடுப்பது. அவதூறு இந்தப் பட்டியலில் இல்லை. ஆபாசமும் பதிப்புரிமை மீறலும் இல்லை. ஒரு தலைவரைக் கேலி செய்வதும் இல்லை.

2015-இல் இது வெளிப்படையாகவே தெரிந்தது. அந்த ஜூலை மாதக் கடைசியில் 857 தளங்களை ஆபாசம் என்று சொல்லி முடக்க உத்தரவு போனது. 69ஏ-வில் அதற்கு இடமில்லாததால், இணைய நிறுவனங்களின் சட்டப் பாதுகாப்பைப் பற்றிய 79-ஆம் பிரிவை எடுத்துப் பயன்படுத்தினார்கள். பட்டியலில் நகைச்சுவைத் தளங்கள்கூட இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் உத்தரவைத் தளர்த்தினார்கள்.

முடக்குவதற்கு முன் என்ன நடைமுறை இருக்கிறது?

ஏட்டளவில் நல்ல நடைமுறையே இருக்கிறது. 2009-இல் வந்த விதிகளின்படி, கோரிக்கை ஒரு குழுவுக்குப் போக வேண்டும். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு அமைச்சகங்களிலிருந்து இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரிகளும், கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பிரதிநிதியும் அதில் உட்காருவார்கள். தகவலை வெளியிட்டவருக்கோ அதைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கோ நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் மறுஆய்வுக் குழு ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடிப் பார்க்க வேண்டும்.

இதில் இரண்டு ஓட்டைகள். 'வெளியிட்டவருக்கோ நிறுவனத்துக்கோ' என்பதில் உள்ள அந்த 'ஓ' முதலாவது. நிறுவனத்துக்கு மட்டும் ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிட்டு, எழுதியவருக்குச் சொல்லாமலே விட்டுவிடலாம். இரண்டாவது, விதி 16. கோரிக்கை, புகார், எடுத்த நடவடிக்கை எல்லாமே கண்டிப்பாக இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் பெரும்பாலும் இந்த விதியைக் காட்டித்தான் கைவிரிக்கிறார்கள். நோட்டீஸ் கொடுக்காமல் முடக்குவதை எதிர்த்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் பதில் கேட்டது.

செய்தித் தளங்களைப் பொறுத்தவரை, 2021-இல் வந்த வேறொரு விதித் தொகுப்பு இந்த வேலையைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் கொடுத்திருக்கிறது. விகடன் விவகாரம் அந்த வழியில் வந்ததுதான்.

விகடன் விஷயத்தில் உண்மையில் நடந்தது என்ன?

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க இராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரசில் இறக்கிவிட்டது. உரிய ஆவணம் இல்லாமல் குடியேறியவர்கள் என்று கை கால்களில் விலங்கிட்டு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். சில நாட்களில் பிரதமர் மோடி அமெரிக்கா போய் அதிபர் டிரம்பைச் சந்தித்தார். விலங்கு பற்றி இந்தியா வாய் திறக்கவில்லை என்ற விமர்சனத்தைக் கார்ட்டூனாக்கி, டிரம்ப் பக்கத்தில் மோடி சங்கிலியால் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதாக வெளியிட்டது விகடன் ப்ளஸ் என்ற இணைய இதழ்.

பிப்ரவரி 15 அன்று தமிழக பா.ஜ.க. இதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. அன்று மாலையிலிருந்தே தளம் முடங்கத் தொடங்கியது. தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடன் அறிவித்தது. மறுநாள்தான் அமைச்சகத்திலிருந்து கடிதம் வந்தது. தளத்தை முடக்கக் கோரும் புகாரைக் குழு 17-ஆம் தேதி விசாரிக்கும் என்றது கடிதம். விசாரணைக்கு நாள் குறிக்கும்போதே தளம் மூடிக்கிடந்தது.

விகடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மார்ச் 6 அன்று நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். விகடன் அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும், எடுத்ததும் அமைச்சகம் தளத்தைத் திறந்துவிட வேண்டும். கார்ட்டூன் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி விசாரணைக்கு நின்றது. ஆக, மூன்று வாரம் தளம் மூடிக்கிடந்தது. மண்புழு உரம் பற்றித் தேடிய விவசாயிக்கும், சர்க்கரை நோய்க் கட்டுரையைத் தேடிய அம்மாவுக்கும் கார்ட்டூனோடு என்ன சம்பந்தம்?

இதே நிறுவனத்தின் பழைய கதை ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக, தமிழ்நாடு சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அநியாயமான தண்டனை அது. ஆனால் தண்டித்தது யார், எந்த அட்டைக்காக, எத்தனை நாள் என்பது மறுநாள் காலை டீக்கடையில் பேப்பர் படித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் எதிர்ப்பு திரண்டது, சில நாட்களிலேயே அவரை விடுவித்தார்கள், பின்னர் அவர் வழக்குப் போட்டு வெல்லவும் முடிந்தது. 2025-இல், முதல் இரவு முழுவதும் தளத்தின் சொந்தக்காரர்களுக்கே உத்தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 38 ஆண்டுகளில் நாம் முன்னே வந்திருக்க வேண்டிய விஷயத்தில் பின்னே போயிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு கார்ட்டூனுக்காக ஏன் முழுத் தளத்தையும் மூடுகிறார்கள்? அந்தப் பக்கத்தை மட்டும் மறைக்க முடியாதா?

நெட் கம்பெனியால் பெரும்பாலும் முடியாது. காரணம் புரிய, முடக்கும் விதம் தெரிய வேண்டும்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், உங்கள் கருவி முதலில் டி.என்.எஸ். என்ற முகவரிப் புத்தகத்தைக் கேட்கிறது: 'இந்தப் பெயருக்குக் கதவிலக்கம் என்ன?' அந்தப் புத்தகம் வழக்கமாக உங்கள் நெட் கம்பெனியிடமே இருக்கும். அதில் அந்தத் தளத்தின் வரியை அழித்துவிடலாம், அல்லது தவறான இலக்கத்தை எழுதிவைக்கலாம். மிக எளிய வழி இது, நம் நாட்டில் பரவலாக நடப்பதும்கூட.

கதவிலக்கத்தையே அடைப்பது இரண்டாவது வழி. இதில் ஆபத்து அதிகம். இணையத்தில் ஒரே கதவிலக்கத்தின் பின்னால் அடுக்ககம் போல நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஒருவருக்காக வாசலைப் பூட்டினால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது வழி, போகிற தகவலை நடுவில் எட்டிப் பார்ப்பது. பழைய எச்.டி.டி.பி. இணைப்பு தபால் அட்டை மாதிரி. எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கலாம். 'தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி முடக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பையும் அங்கே வைக்கலாம். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாறிவிட்டன. அது ஒட்டிய உறை. உறைமேல் தளத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கும், அதை எஸ்.என்.ஐ. என்பார்கள். உள்ளே கேட்பது கார்ட்டூனா, சமையல் குறிப்பா என்று தபால்காரருக்குத் தெரியாது. அவரால் உறையைப் போகவிட முடியும், இல்லையென்றால் முழுதாகக் கிழித்துப் போட முடியும். ஒட்டிய உறைக்குள் அறிவிப்பு வைக்கவும் முடியாது. அதனால்தான் பல நேரம் வெறும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்றுமட்டும் திரையில் வருகிறது, நாமும் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம்.

பக்கத்தை மட்டும் எடுக்கக்கூடியவர் தளத்தை நடத்துபவர் ஒருவரே. ஆகவே அவரிடம் பேசாமல் நெட் கம்பெனியிடம் பேசும்போதே முழுத் தளமும் மூடப்போகிறது என்பது உறுதியாகிவிடுகிறது. விகடன் வழக்கில் உயர் நீதிமன்றம் கடைசியில் காட்டிய வழி, அந்தப் பக்கத்தை விகடனே எடுக்கட்டும் என்பதுதான். முதல் நாளே கேட்டிருக்கக்கூடிய ஒன்று.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறதா?

பலமுறை. 2003 செப்டம்பரில் மேகாலயாவின் தடைசெய்யப்பட்ட அமைப்பு ஒன்றோடு தொடர்புடைய 'கின்ஹுன்' என்ற ஒரு சிறு யாஹூ குழுவை முடக்கச் சொன்னார்கள். அதை மட்டும் தனியே அடைக்கத் தெரியாமல் யாஹூ குழுக்கள் எல்லாவற்றையும் நிறுவனங்கள் அடைத்துவிட்டன. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சில வலைப்பதிவுகளை மட்டும் முடக்க உத்தரவு போனது. பிளாக்ஸ்பாட் முழுவதும் பல நாட்களுக்குத் திறக்கவில்லை. தமிழ் வலைப்பதிவுகள் களைகட்டியிருந்த காலம் அது. தம் பதிவு ஏன் வரவில்லை என்று தெரியாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள்.

2012-இல் நடந்ததற்குச் சென்னைதான் மையம். '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. எதிர்த்தரப்பு யார் என்றே தெரியாதபோது 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரில் வாங்கும் உத்தரவு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மே மாதம் நெட் கம்பெனிகள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற தளங்களையே மொத்தமாக மூடின. சொந்தக் குறும்படத்தை விமியோவில் ஏற்றிவைத்த இளைஞருக்கும் கதவு சாத்தப்பட்டது. அடுத்த மாதமே, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்தத் தெளிவு நிலைக்கவில்லை. 2014 டிசம்பரில் மத்திய அரசு முடக்கச் சொன்ன 32 முகவரிகள் கொண்ட பட்டியலில் மென்பொருள் எழுதுவோரின் அன்றாடக் கருவியான கிட்ஹப் சிக்கியது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகமும் சிக்கியது. 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அதே காப்பகம் மறுபடியும் அதில் இருந்தது. பழைய தமிழ் நூல்களின் மின்படிகளை அங்கே தேடிப் படிக்கிற என் போன்றவர்களுக்கு அது பொதுநூலகத்தின் கதவைச் சாத்தியது போல இருந்தது.

ஒரு நிறுவனத்தில் திறக்காத தளம் இன்னொன்றில் ஏன் திறக்கிறது?

எப்படி முடக்க வேண்டும் என்று அரசு சொல்வதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தெரிந்த வழியில் செய்கிறது, தன் பட்டியலைத் தானே பராமரிக்கிறது. நீக்கச் சொன்னதை நீக்காமலும் விட்டுவிடுகிறது. இணையம், சமூகம் பற்றிய ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 4,000-க்கும் மேற்பட்ட தளங்களை ஆறு பெரிய நிறுவனங்களின் இணைப்புகளில் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறிலும் ஒரே மாதிரி முடங்கியிருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் எதைப் படிக்கலாம் என்பது எந்த சிம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது என்றால், அதைச் சட்டத்தின் ஆட்சி என்று சொல்ல முடியாது.

எத்தனை தளங்கள் முடக்கத்தில் இருக்கின்றன?

முழுப் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் நாடாளுமன்றத்தில் சொல்கிறார்கள். 69ஏ-வின் கீழ் 2014-இல் 471 முகவரிகள், 2020-இல் 9,849, 2022-இல் 6,775. இதில் பெரும்பகுதி சமூக ஊடகப் பதிவுகளும் கணக்குகளும். நீதிமன்ற உத்தரவுகளால் முடங்கும் திருட்டுப்படத் தளங்கள் தனிக் கணக்கு.

அப்படியானால் தமிழ்ராக்கர்ஸ் மாதிரி தளங்களை முடக்குவதும் தவறா?

இல்லை. ஊரார் உழைப்பைத் திருடி விளம்பரக் காசு பார்க்கிற தளத்துக்காக நான் வாதாட மாட்டேன். ஒரு பெயரை முடக்கினால் மறுநாளே ஓர் எழுத்தை மாற்றி வேறு பெயரில் வந்துவிடுவார்கள் என்பதால், 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் புது வழி ஒன்றை ஏற்படுத்தியது. மூல வழக்கில் தடை வாங்கியபின், அதே தளத்தின் நகல்களை ஒவ்வொன்றுக்கும் புது வழக்கில்லாமல் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். பின்னர் தமிழ்ராக்கர்ஸ் மீதான வழக்கிலும் அதே வழியைப் பின்பற்றினார்கள்.

என் கவலை பட்டியல் தயாரிக்கும் விதம் பற்றியது. படத் தயாரிப்பாளர் கூலிக்கு அமர்த்தும் தனியார் நிறுவனம் பட்டியல் போடுகிறது. அதில் தவறாகச் சேர்ந்த தளத்தின் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் இல்லவே இல்லை. 2017-இல் இணைய ஆவணக் காப்பகம் சிக்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குழந்தைகளை வதைக்கும் பாலியல் தளங்கள்?

முடக்கத்தான் வேண்டும், தயக்கமே கூடாது. அத்தகைய படங்களைத் தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதும்கூட 67பி பிரிவின்படி குற்றம். முடக்கம் கூடாது என்று மொத்தமாகப் பேசுபவர்களோடு நான் உடன்படாததற்கு முதல் காரணம் இதுதான்.

கலவர நேரத்தில் மாவட்டத்துக்கே நெட்டை நிறுத்துகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு சட்டம், வேறு அதிகாரிகள். தளத்தை முடக்குவது ஒரு கடையை மூடுவது என்றால், இது ஊருக்கே சாலையை வெட்டுவது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடியாமல் வெளியூரில் இருந்தவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. இத்தகைய நிறுத்த உத்தரவுகளையாவது வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தள முடக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இன்னும் வரவில்லை.

இலங்கையில் எப்படி?

போர்க்காலத்தில், 2007 ஜூனில், தமிழ்நெட் தளத்தை அரசின் சொல்படி இணைய நிறுவனங்கள் முடக்கின. கொழும்பில் இருந்தவருக்கு வன்னிச் செய்தி மறைந்தது, லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்தவர் அதையே வழக்கம்போல் படித்துக்கொண்டிருந்தார். பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அப்படி உத்தரவிடப் பாதுகாப்பு அமைச்சுக்கு அதிகாரம் இல்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு எடுத்துச் சொன்னது. அன்று பிற்பகலே தடை நீங்கியது. இப்படி உடனே தலையிடும் ஓர் அமைப்பு நமக்கும் வேண்டும்.

என் தளத்தை முடக்கிவிட்டால் நான் என்ன செய்யலாம்?

முதலில் உத்தரவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, 69ஏ-வை விட்டுவைத்தது. விட்டுவைத்ததற்கு அது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, முடக்கக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும் என்பது. உத்தரவையே காட்டாவிட்டால் எதை எதிர்த்து மனு போடுவது?

இந்தக் கேள்வியை டெல்லியில் ஒருவர் விடாமல் கேட்டார். வரதட்சணையைக் கேலி செய்து அவர் ஒரு தளம் நடத்தினார். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் கொடுத்தால் 'விலை' சொல்லும் கணக்குப்பொறி அது. வரதட்சணை என்ற கொடுமையைக் குத்திக்காட்டத்தான் அப்படிச் செய்தார் என்பது படிக்கிற யாருக்கும் புரியும். அதை வரதட்சணையை ஊக்குவிப்பதாகச் சொல்லி முடக்கினார்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், உத்தரவின் பிரதியை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சொன்னது. விதி 16-இன் இரகசியம் பாதிக்கப்பட்டவரையே இருட்டில் வைக்கக் காரணமாகாது என்று வாதாட, இன்று கையில் இருக்கும் நல்ல ஆயுதம் அந்த உத்தரவு.

வி.பி.என். பயன்படுத்துவது சட்டவிரோதமா?

உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பி, முடக்கத்தைத் தாண்ட உதவும் வசதிதான் வி.பி.என். அதற்கு நாடு முழுவதற்குமான தடை இல்லை. அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்துவதுதான். ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மட்டும் அவ்வப்போது நிர்வாகம் தடை போட்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதை ஏற்காத பல நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு எச்சரிக்கை: இலவச வி.பி.என். செயலி பலவற்றுக்கு உங்கள் தகவலே சரக்கு. வங்கிக் கணக்கு இருக்கும் கைபேசியில் கண்டதையும் நிறுவாதீர்கள்.

ஒரு தளம் திறக்கவில்லை. முடக்கமா, கோளாறா? வாசகனாக நான் என்ன செய்வது?

வேறு நிறுவனத்தின் இணைப்பில் முயன்று பாருங்கள். அடுத்து, கைபேசி அமைப்பில் டி.என்.எஸ்.-ஐ வேறு பொதுச் சேவைக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது திறந்தால், முகவரிப் புத்தகத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி ஒன்றும் இருக்கிறது. உங்கள் இணைப்பில் எந்தத் தளம் எவ்விதத்தில் தடைபடுகிறது என்று சோதித்து, முடிவை உலகம் பார்க்க வெளியிடும். ஆனால் அந்தச் சோதனை சர்ச்சைக்குரிய பல தளங்களை உங்கள் இணைப்பிலிருந்தே தட்டிப் பார்க்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பிறகு நெட் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போன் வேண்டாம். 'எந்தத் தேதியிட்ட, யாருடைய உத்தரவால் இந்தத் தளம் முடக்கப்பட்டது?' என்ற ஒரே கேள்வி போதும். பதில் வராது என்றுதான் பலர் அனுப்புவதில்லை. அனுப்பியதற்கும் பதில் வராததற்கும் தேதியோடு சான்று இருப்பது பின்னால் உதவும்.

அதன்பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மத்திய அரசின் இணையவழி ஆர்.டி.ஐ. தளத்திலேயே போடலாம், கட்டணம் 10 ரூபாய். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், தொலைத்தொடர்புத் துறை இரண்டுக்கும் தனித்தனியாக அனுப்புவது நல்லது, இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வீண் வேலை என்று நினைக்காதீர்கள். 2022 பிப்ரவரி வாக்கில் வி.எல்.சி. மீடியா பிளேயரின் தளம் இந்தியாவில் பல இணைப்புகளில் திறக்காமல் போனது. நம் வீட்டுக் கணினிகளில் பாதியில் இருக்கும் அதே வி.எல்.சி.தான். யாரும் காரணம் சொல்லவில்லை. ஆர்.டி.ஐ.-யில் கேட்டபோது, அமைச்சகத்திடம் அப்படித் தகவல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் சேர்த்து, இணைய சுதந்திர அறக்கட்டளையின் உதவியோடு, வி.எல்.சி.-யை உருவாக்கும் பிரெஞ்சு அமைப்பு அக்டோபரில் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தளம் திறந்தது.